கட்டைவிரல் வைத்த பச்சை அட்டை

உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெப்பர்மின்ட் பொட்டலம் நினைவிருக்கிறதோ தெரியவில்லை. மெழுகுத்தாள் சுற்றிய சின்னப் பொட்டலம். பிரித்தால் உள்ளே பத்து வெள்ளை வில்லைகள். வில்லைகளுக்கும் தாளுக்கும் நடுவே, சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஓர் அட்டை. அட்டையில் ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் படம். வில்லையைச் சப்பிக்கொண்டே மூச்சை உள்ளே இழுத்தால் பல்லெல்லாம் சில்லென்று கூசும். அந்தக் கூச்சத்தோடுதான் பம்பாய்க்காரர், ஐதராபாத்காரர், கல்கத்தாக்காரர் என்று நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரையும் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நம் வயதுக்காரர்கள்தான் இதைப் புரிந்துகொள்வீர்கள். அன்றைக்கு நமக்கு ஒரு முகம் கிடைக்க வேண்டுமென்றால் ஒரு பொட்டலம் மிட்டாய் தின்ன வேண்டியிருந்தது. கிடைத்த முகத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். காதோரம் ஒரு மச்சம் இருந்தால் அதுவும் மனப்பாடம்.

எங்கள் வீடு சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தது. அப்பா சேலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினான்கு. அட்டை சேர்ப்பதில் அண்ணன்தான் அந்த வரிசைக்கே ராஜா. பழைய பைபிள் அட்டைக்குள் வெள்ளைத்தாள் தைத்து, தாளில் மூலை வெட்டிச் செருகி, அட்டைகளை ஜெபப் புத்தகம்போல வைத்திருந்தான்.

அம்மா ஒருநாள் அதைத் திறந்து பார்த்துவிட்டாள். பைபிள் அட்டைக்குள் சீட்டு! மகன் சூதாடக் கற்றுக்கொண்டான் என்றே முடிவு கட்டிவிட்டாள். அழுதுகொண்டே புத்தகத்தைக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். சாமியார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு கோல்கீப்பர் படத்தில் வெகுநேரம் நின்றார்.

“இந்த ஆளு ரெண்டு இருந்தா ஒண்ணு எனக்குத் தரியா, சாமி?” என்று அண்ணனிடம் கேட்டார்.

அம்மாவின் அழுகை பாதியில் நின்றது. அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அட்டைகளில் ஒரு வித்தியாசம் உண்டு. ஓர் ஆட்டக்காரர் பெரிய டீமுக்கு வந்த முதல் வருஷம் மட்டும் அவர் அட்டையின் கரை பச்சையாக இருக்கும். மறுவருஷம் அதே ஆள் வெள்ளைக் கரைக்குப் போய்விடுவார். அதனால் பச்சை அட்டை கிடைப்பதே அபூர்வம். வெள்ளை அட்டையில் கையெழுத்து வாங்கியவர்கள் எங்கள் வரிசையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பச்சை அட்டையில் கையெழுத்து வாங்கியவர் சூரமங்கலத்தில் ஒருவர்கூட இல்லை.

கையெழுத்தா, சேலத்திலா என்று நினைக்காதீர்கள். மாசி மாதவாக்கில் மலபாரில் பெரிய கால்பந்துப் போட்டி நடக்கும். வெளியூர் டீம்கள் எங்கள் ஜங்ஷன் வழியாகத்தான் ரயிலில் போகும். எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற நேரம் வண்டி நிற்கும். அந்தச் சில நிமிஷத்துக்குள் எந்தப் பெட்டியில் டீம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஜன்னலுக்குள் அட்டையை நீட்டி, பேனாவைத் திறந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

முந்தின வருஷம் அண்ணன் ஆர்வத்தில் பெட்டிக்குள்ளேயே ஏறிவிட்டான். வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் அவனை இறக்கி, கூட்ஸ் வண்டி கார்டோடு திருப்பி அனுப்பினார்கள். எல்லோர் முன்னாலும் அப்பாவுக்குத் தலைகுனிவு. அன்றோடு அண்ணன் பிளாட்பாரத்தில் கால் வைக்கக் கூடாது என்று கட்டளை. எனக்குத் தடை கிடையாது. தினமும் காலையில் அப்பாவுக்குத் தூக்குப் போசியில் இட்லி கொண்டு போகிறவள் நான்தானே.

அந்த மாசியில் அண்ணனுக்கு ஒரு பச்சை அட்டை கிடைத்தது. கோலார் தங்கவயல்காரர் ஒருவர், பெங்களூர் டீமில் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தார். இடது ஓர ஆட்டம். இருபது வயதுகூட ஆகாத முகம். யாரோ எதிரே நின்று அதட்டியதுபோலக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டீம் எந்த நாள் எந்த வண்டியில் வருகிறது என்பது அப்பாவின் பேச்சிலிருந்தே தெரிந்தது. டீமின் தகரப் பெட்டிகள் பார்சலில்தானே போகும்.

“நீ போ,” என்றான் அண்ணன். “மத்தவங்க யாரும் வேண்டாம். இவரு மட்டும் போதும்.”

காலை வண்டி. நான் போசியை அப்பா மேஜையில் வைத்தேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கைத்தறி மூட்டைகளையும் வெற்றிலைக் கூடைகளையும் தாண்டி ஏழாவது பெட்டியில் அவரைக் கண்டுபிடித்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். கால் வெறுங்கால். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றியிருந்தது. அதுவரை வெறுங்காலில் ஆடிப் பழகியவர் அந்த வருஷம்தான் பூட்ஸ் போட ஆரம்பித்தாராம். அது பின்னால் பேப்பரில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கால்தான். அத்தனை அகலமான, அத்தனை அடிபட்ட பாதத்தை நான் பார்த்ததில்லை. அட்டையில் இருந்த படம் மார்பளவுதான். மீதி ஆள் இப்படி இருப்பார் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

அட்டையை நீட்டினேன். “கையெழுத்துப் போடுங்க.”

அவர் தன் படத்தையே முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, “எனக்கு வராது பாப்பா,” என்றார்.

“வருங்க. இது எங்கப்பா பேனா. நல்லா எழுதும்.”

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“பேனா எழுதும். எனக்குத்தான் எழுதத் தெரியாது. நான் பள்ளிக்கோடம் போவல.”

அச்சில் வந்த மனிதருக்கு எழுத்துத் தெரியாமல் இருக்க முடியும் என்பது என் புத்திக்கு எட்டாத விஷயம். அட்டையை நீட்டியபடியே நின்றேன். அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, முள்ளைத் தன் கட்டைவிரலில் தேய்த்து, மையை நன்றாகப் பரப்பி, படத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தில் அழுத்தினார்.

“இப்போதிக்கு இத்த வெச்சுக்கோ,” என்றார்.

வண்டி குலுங்கி நகர்ந்தது. அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “பாப்பா! நாங்க திரும்பி வரப்ப அந்த அட்டய எடுத்துக்கினு இங்கியே நில்லு! சரியா?”

தலையை ஆட்டினேன். வண்டி போன பிறகு வெயிலில் அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். உழுத வயல்போல வரிவரியாக ஓடிய ரேகை. நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. எங்கள் அட்டைகளிலெல்லாம் ஆட்டக்காரர்களின் பெயர்தான் இருந்தது. இதில் அவருடைய தோலே இருந்தது. கோயிலில் புனிதரின் எலும்புத் துண்டைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவார்களே, அப்படி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் பார்த்தான். “இது என்ன கறை?”

“கறை இல்லை. அவரு விரலு.”

“கைநாட்டா?” என்றான். அவன் முகம் சுருங்கிவிட்டது. “எல்லாரும் சிரிப்பாங்க.”

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் அப்பா காதுக்குப் போனது. பேனா முள் கெட்டுப்போன கோபமும் அவருக்கு இருந்தது. “பேரு எழுதத் தெரியாதவனெல்லாம் பெரிய ஆட்டக்காரனா? பாத்துக்கோடா. பந்து பந்துன்னு திரிஞ்சா கடைசியில நீயும் எம் மேஜைக்கு முன்னால வந்து விரல நீட்டிட்டு நிக்க வேண்டியதுதான்.”

அப்பாவின் மேஜையில் மைப்பட்டை இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் பார்சல் எடுக்க வந்தால், அவர்கள் கையைப் பிடித்து, விரலை மையில் தோய்த்து, ரிஜிஸ்தரில் உருட்டிவிட்டு, கையைத் தள்ளிவிடுவார். முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். நல்ல மனிதர்தான், யாரையும் ஏமாற்றியவர் இல்லை. இன்று நான் அவர் இருந்த வயதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன். அந்த விரல்களில் ஒன்றையாவது அவர் நின்று பார்த்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

இங்கேதான் நாமக்கல்லுக்காரன் வருகிறான். அண்ணனின் வகுப்புப் பையன். ஊரில் நிலபுலம் உள்ள குடும்பம். படிப்புக்காகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தான். பெப்பர்மின்ட்டைப் பெட்டியோடு வாங்குகிறவன். சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ‘ங்க’ போடுவான். எங்கள் யாரிடமும் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர் வைத்து, வாயில் நாடா போட்டுக் கட்டுகிற நிஜப் பந்து. எங்களுக்கெல்லாம் துணிப் பந்துதான். அதைத் தொட்டுப் பார்க்கவே வரிசையில் நிற்போம்.

“பச்சை அட்டை கையெழுத்தோட இருந்தாக் குடுங்க. பந்தையே தந்துடறேன்,” என்றான் அவன். அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “ரேகை எல்லாம் ஆகாதுங்க. கையெழுத்து ஓணும்.”

அன்று சாயங்காலம் அண்ணன் பழைய கால அட்டவணைத் தாள் ஒன்றின் பின்புறம் அந்தப் பெயரை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தான். அவன் கையெழுத்து அழகு. முதல் எழுத்துக்கு ஒரு பெரிய வளைவு, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வீச்சு. முப்பது நாற்பது தடவை எழுதிய பிறகு, அதே மையில், ரேகைக்குப் பக்கத்தில் எழுதினான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ‘அவர் திரும்பி வருவேன் என்றார்’ என்று சொன்னேன்.

“வண்டியில போறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க,” என்றான்.

அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கும் அந்தப் பந்து வேண்டியிருந்தது.

அன்றைக்கு வண்டியிலேயே ரேகையும் வைத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் என்று மறுநாள் அண்ணன் அவனிடம் சொன்னான். நாமக்கல்லுக்காரன் முந்தின நாள் அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டான். பந்து எங்களுக்கு வந்தது. சைக்கிள் பம்பு வைத்துக் காற்றடித்தோம். புதுத் தோலும் எண்ணெயும் கலந்த வாசனை கையில் இரண்டு நாள் நின்றது. குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த பொட்டலில் பள்ளி விட்டதும் ஆட்டம்தான். பெண்பிள்ளைகளில் என்னை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். கோலில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. பந்து வயிற்றில் மோதும்போது வலியும் பெருமையும் சேர்ந்து வரும்.

அப்பா வாங்கி வரும் பேப்பரில் மலபாரிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. தங்கவயல்காரர் ஒரு கோல் போட்டார். அடுத்ததில் இரண்டு. அரையிறுதியில், பாதி மைதானத்திலிருந்து தனியாகப் பந்தைக் கொண்டுபோய்ப் போட்டாராம். ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்களாம். அப்பா அதையும் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, “எத்தன கோலு போட்டு என்ன, படிப்பில்லையே,” என்று மடித்து வைத்தார். இறுதி ஆட்டத்தில் அந்த டீம் தோற்றுவிட்டது.

டீம் போய் மூன்று வாரம் கழித்து அப்பா சொன்னார், டீம் பெட்டிகள் சாயங்கால வண்டியில் திரும்புகிறதென்று. நாமக்கல்லுக்காரனிடம் போய், ஒரு மணி நேரத்துக்கு அந்த அட்டையைக் கொடு என்று கேட்டேன்.

“எதுக்குங்க?”

“அவரு கொண்டு வரச் சொன்னாரு.”

“அவரு வாராருங்களா?” கண்ணை அகல விரித்தான். “நானே கொண்டாரனுங்க. அவர நானும் பாக்கோணும்.”

அதைக் கேட்ட அண்ணன் வெளுத்துவிட்டான். அப்பாவின் கட்டளையை மீறிப் பிளாட்பாரத்துக்கு அவனும் வந்தான். ஆனால் எங்களோடு நிற்கவில்லை. ஓர் இரும்புத் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

வண்டி நிற்பதற்கு முன்பே அவர் குதித்துவிட்டார். இந்தத் தடவை வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு. இரண்டு பக்கமும் தேடினார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“பாப்பா! அட்ட எங்க?”

நாமக்கல்லுக்காரன் முன்னால் வந்து அட்டையை நீட்டினான். “இப்ப எங்கிட்ட இருக்குதுங்க.”

அவர் ஒரு கையால் அட்டையை வாங்கினார். மறு கை சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தது. புத்தம்புதுப் பேனா. ஆள்காட்டி விரலில் நகக்கண் வரை மை ஊறிக் கிடந்தது. ஜன்னலிலிருந்து அவர் கூட்டாளி ஒருவர் கத்தினார்.

“போடுடா, போடு! இருவது நாளா ஓட்டல்ல ஒரு காய்தம் உடாம எழுதித் தள்ளினியே! எங்க உசுர வாங்கினதுக்கு இப்பவாவது போடு!”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போன அந்த மனிதர், அறைக்குத் திரும்பி வந்து, எவரிடமோ கேட்டு, உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகியிருக்கிறார். தூக்குப் போசியோடு வந்த ஒரு பதினொரு வயதுப் பெண்ணுக்காக.

அவர் மூடியைக் கழற்றிவிட்டு அட்டையைப் பார்த்தார். ரேகைக்குப் பக்கத்தில் இருந்த வளைவுகளைப் பார்த்தார்.

“இது இன்னா?”

“உங்க கையெழுத்துதானுங்க,” என்றான் நாமக்கல்லுக்காரன். “இங்கிலீசுல நீங்க போட்டதுங்க. இவ அண்ணன் சொன்னானுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு என் கண் தானாகத் தூண் பக்கம் போய்விட்டது. அவரும் அங்கே பார்த்தார். அண்ணன் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கிக்கொண்டான்.

அவர் பேனாவை மூடினார்.

“ஆமா,” என்றார். “நான் போட்டதுதான்.”

அட்டையை நாமக்கல்லுக்காரனிடம் திருப்பிக் கொடுத்தார். ஜன்னல்காரர் விடவில்லை. “என்னடா, போடலியா?”

“அதான் முன்னாடியே போட்டுட்டேன்ல,” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பிறகு தூண் அருகே போனார். அண்ணன் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை.

“இன்னா தம்பி, ஆடுவியா?”

அண்ணன் தலையை அசைத்தான்.

“எந்தக் காலு?”

“வலது.”

“எடதும் பழகு,” என்று அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

விசில் ஊதியது. அவர் ஏறி வாசலில் நின்றார். அண்ணன் தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாமக்கல்லுக்காரன் அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் வண்டியோடு நடந்தேன். வழியெல்லாம் பட்ட செம்மண் தூசி பெட்டியின் பக்கவாட்டில் அடை அடையாகப் படிந்திருந்தது. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து, மை ஊறிய விரலால் அந்தத் தூசியில் எழுத ஆரம்பித்தார். தமிழில். ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு நுனி உதட்டோரம் வந்து போனது. வண்டி வேகம் பிடித்தது; நான் ஓடினேன். ஐந்து எழுத்து. பெயரில் வருகிற ‘ண’வுக்கு மூன்று சுழிக்குப் பதில் நான்கு சுழி போட்டிருந்தார். முடித்துவிட்டு, ‘சரியா இருக்கா?’ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நான் பெரிதாகத் தலையை ஆட்டினேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. ஒரு முழம் நீளத்துக்கு, சிவப்பில் கறுப்பாக, அந்தப் பெயர் போய்க்கொண்டே இருந்தது.

அன்று இரவே அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்காரன் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். கையெழுத்தைப் போட்டது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னான். நாமக்கல்லுக்காரன் அட்டையை எடுத்து இன்னொரு தடவை பார்த்தான்.

“அவரே ஆமான்னு சொல்லிப்போட்டாருங்க,” என்றான். “அப்புறம் இல்லைங்கறதுக்கு நீங்க ஆருங்க?”

பந்தையும் வாங்கிக்கொள்ளவில்லை, அட்டையையும் தரவில்லை. அண்ணன் அந்தப் பந்தை ஒரு மாதம் தொடவில்லை. பிறகு தொட்டான். இடது காலால் மட்டும் அடித்துப் பழகினான்.

மறுவருஷம் வெள்ளைக் கரை அட்டைகளில் தங்கவயல்காரர் வரவில்லை. பெங்களூர் டீம் ஜங்ஷன் வழியாகப் போனபோது ஜன்னலில் கேட்டேன். ஓர் ஆட்டத்தில் முழங்கால் உடைந்து ஊருக்கே போய்விட்டார் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. அச்சில் வந்த அவர் அட்டை அந்தப் பச்சை ஒன்றுதான். நாமக்கல்லுக்காரனை ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அட்டையைக் கேட்டேன். “கரையான் தின்னுபோட்டுதுங்க,” என்றான், யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல.

அண்ணன் பாங்கியில் சேர்ந்தான். முப்பது வருஷம் அவனுக்கு, செக்கில் இருக்கிற கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலை. தூசியில் எழுதிய கதையை நான் அவனிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அந்தத் தூணுக்குப் பின்னால் அவனை மறுபடி நிறுத்துவதுபோல் இருக்கும் என்று பயம். போன மாசியில் அவன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, போனில் பேச்சு எப்படியோ பெப்பர்மின்ட் பக்கம் திரும்பியது. சொல்லிவிட்டேன்.



“எப்படி எழுதியிருந்தாரு?” என்று கேட்டான்.

“கோணல்மாணலா. ‘ண’வுக்கு நாலு சுழி.”

எண்பத்துச் சொச்சம் வயதுக் குரல் கரகரத்துச் சிரித்தது. சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

“அப்ப அது ஒரிஜினல்தான்,” என்றான் அண்ணன்.